பதினாலாம் இலக்கத் தரிப்பிடம்

காரை விற்ற ஆனியில்
பதினாலாம் இலக்கத்தில் மிஞ்சியது
பூனை படுத்தெழுந்த அளவில்
ஓர் எண்ணெய்க் கறை.
பெற்றோல் வரிசையில் மூன்று இரவு தூங்கிய பிறகு
விற்பது கஷ்டமாக இருக்கவில்லை.

வெள்ளவத்தையில் வெயிலுக்கும் நேர அட்டவணை உண்டு.
இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
பத்தே முக்காலுக்கு இறங்கும்,
ஒன்றரைக்கு ஏறிவிடும்.
ஒரு மாதம் ஜன்னலில் நின்று குறித்தேன்.
வெண்டிக்குப் போதாது.
வல்லாரைக்கும் கங்குனுக்கும் தாராளம்.
மிளகாய், அதன் அதிர்ஷ்டம்.

சீமெந்துக் கல் முப்பத்தாறு.
கறையை விட்டுத் தள்ளி அடுக்கினேன்.
எண்ணெய் குடித்த இடத்தில்
வேர் வேண்டாம்.
அடியில், யாரோ வாங்கிய குளிர்சாதனப் பெட்டியின் மட்டை,
ஒட்டுநாடா உரித்து, நனைத்து.

மண் ஹோமாகமவிலிருந்து வந்தது,
சின்ன லொறியில், இருபத்திரண்டு மூட்டை.

மேடைகளில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான்.
மண் என்றதும் குரல்கள் உயரும்,
கைகள் உயரும்,
பிறகு வீடுகளில்
ஆட்கள் குறைவார்கள்.
இங்கே அது மூட்டை நானூற்றெண்பது,
இறக்குகூலி தனி.
ஈரமாக வந்தால் நிறுவையில் ஏமாற்று என்று
லொறிக்காரனோடு சண்டை பிடித்தேன்.
அந்தச் சொல்லுக்காக
நான் போட்ட ஒரே சண்டை.

கொட்டிப் புரட்டியதில்
ஓட்டுத்துண்டு, செருப்பு வார்,
நீலக் கண்ணாடி வளையலில் ஒரு முறி.
யாருடைய அத்திவாரம் வெட்டியதோ.
வளையல் முறியை மட்டும்
ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

தும்புத்தூளை உவர் போக இரண்டு தரம் அலசினேன்.
எரிந்த உமி ஒரு வாளி,
மாட்டெரு நாறாமல் இருக்கும்வரை காயவிட்டது.
மூன்றாம் மாடி ஜெஸீமா
முட்டைக்கோதை நொறுக்கி
ஐஸ்கிறீம் டப்பாவில் தந்தாள்:
"முழு நோன்பு மாதத்துக் கோதும் இதுக்குள்ள கிடக்கு."
சந்திக் கடைக்காரன் தந்த தேயிலைச் சக்கையில்
இஞ்சி மணத்தது.

குழுச் செயலாளர் ஞானசகாயம்
கடிதம் போட்டார்:
தரிப்பிடம் வாகனங்களுக்கு மாத்திரம்.
காகிதமும் உக்கும்.
நாலாய்க் கிழித்து
எருவுக்குக் கீழே வைத்தேன்.

அள்ளி உள்ளங்கையில் இறுக்கினால்
உருண்டையாக நிற்கவேண்டும்.
பெருவிரல் தொட்டதும்
உதிரவும் வேண்டும்.
முதல் நாள் களியாய் ஒட்டியது.
உமியைக் கூட்டினேன், உருளவே இல்லை.
நான்காம் நாள்
நின்றது,
தொட்டேன்,
விழுந்தது.
அன்று அலுவலகத்தில்
யாரோடும் கோபிக்கவில்லை நான்.

பின்னேர மழை பிடித்த வாரம்.
எரு கரைந்து வாய்க்காலுக்குப் போகுமே என்று
அலுமாரிக்கு மேல் கிடந்த
கார் உறையை எடுத்துப் போர்த்தினேன்.
சைட் மிரருக்கு வைத்த இரண்டு காதும்
வெறுமையாய்த் தொங்கின.
மேலிருந்து பார்த்தால்
குட்டையான கார்.
விருந்துக்கு வந்தவர்கள்
முட்டாமல், கவனமாய்ப் பின்வாங்கி நிறுத்தினார்கள்.

காவலாளி அத்துல
பத்து மணிக்கு டோர்ச் அடித்து
நிற்கும் வாகனங்களைக் கொப்பியில் எழுதுவான்.
இரண்டு வருடமாய்ப் பதினாலுக்கு நேரே ஒரு கோடு.
அன்றிரவு உறையைத் தூக்கிப் பார்த்தான்,
மூடினான்,
பேனையை நாக்கில் தொட்டு
'தியெனவா' என்று எழுதினான்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவனுக்கு வரவில்லை.

கார் இருந்த காலத்தில்
போய் வந்ததா, சும்மா நின்றதா என்று அறிய
பொனற்றில் கை வைப்பேன்.
இப்போதும் உறைக்குக் கீழே
மணிக்கட்டு வரைக்கும் கையை விடுகிறேன்.

உள்ளே சூடாக இருக்கிறது.
எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.
ஆறட்டும்.
நாற்றுக்காரனை
அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன்.